ரஷ்யச் சக்கரவர்த்தி வொக்ஸ்ஹோலில் இறங்கவில்லை

வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்தக் கதை எனக்கு வட்சப்பில் வந்து சேர்கிறது. லண்டன் சட்டனில் இருக்கும் ஒருவர் கிங்ஸ்பரியில் இருக்கும் ஒருவருக்கு அனுப்ப, அவர் கும்பிடும் கைகள் இரண்டைச் சேர்த்து எனக்கு அனுப்புவார். ரஷ்யச் சக்கரவர்த்தி ஒருவர் லண்டனுக்கு வந்தாராம். ரயிலைக் காட்டுவதற்கு அவரை வொக்ஸ்ஹோலுக்குக் கூட்டிப்போனார்களாம். 'இது என்ன?' என்று கேட்டாராம். பக்கத்தில் நின்றவர், ஊரின் பெயரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, 'வொக்ஸ்ஹோல்' என்றாராம். ரயில் நிற்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர் என்று எண்ணிய சக்கரவர்த்தி, திரும்பிப்போய்த் தன் நாட்டு ஸ்டேசன்களுக்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்துவிட்டாராம். அதனால்தான் ரஷ்யர்கள் இன்றும் ரயில் நிலையத்தை 'வக்ஸால்' என்கிறார்களாம். கதையின் கடைசியில் ஒரு சிரிக்கும் முகம்.

எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கதை பொய் என்பதற்காக மட்டும் அல்ல. வட்சப்பில் வருகிற பொய்களுக்கெல்லாம் கோபப்படத் தொடங்கினால் என் இரத்த அழுத்த மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். இந்தக் கதையின் பொருட்டு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மனிதர் வெளியேறினார். கதவைத் திறந்துவிட்டவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குப் பத்து வயது.

லூயிஷாமில், ரயில் பாதைக்குப் பின்பக்கமாக இருந்த ஒரு வீட்டில் குடியிருந்தோம். லண்டனில் தமிழ்ச் சனத்தை விரல் விட்டு எண்ணக்கூடிய காலம் அது. கோயில் இல்லை, தமிழ்க் கடை இல்லை, கறிவேப்பிலை என்ற சொல்லை அம்மா பெருமூச்சோடுதான் உச்சரிப்பார். அப்பா கொழும்பில் அரசாங்க இலிகிதராக இருந்தவர். கடல் கடந்து வந்து இங்கேயும் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இலிகிதராக இருந்தார். ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தொடங்கும்.

ஐந்து தமிழ்க் குடும்பத்தினர் ஞாயிறு பின்னேரங்களில் முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவார்கள். ஆண்களில் ஒருவர் அரை மணி நேரம் ஏதாவது ஒரு விஷயம் பற்றிப் பேசுவார். பத்து நிமிடம் கேள்வி. பிறகு தேநீர், வடை, புறணி. இதற்குச் 'சபை' என்று பெயர். அப்பா தலைவர். சபைக்கு யாப்பு எழுதியவரும் அவரே. அதன் ஏழாம் விதி எனக்கு இன்றும் பாடம்: சபையில் ஒரு கூற்று மறுக்கப்பட்டால், மறுப்பவர் அச்சில் உள்ள சான்று ஒன்றைக் காட்ட வேண்டும், காட்டினால் கூற்றைச் சொன்னவர் அதை வாபஸ் வாங்க வேண்டும், வாபஸ் குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும். ஊரில் இவர்களுடைய தகப்பன்மார் வேலிக்கும் பனைக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்காடியவர்கள். லூயிஷாமில் வழக்காடக் காணி இல்லை. ஆகவே இவர்கள் சொற்களை வைத்து வழக்காடினார்கள். காணி வழக்கிலாவது கடைசியில் யாருக்காவது ஒரு முழக் காணி கிடைக்கும்.

அந்த வருடம் மாசி மாதக் குளிரில் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் ஒரே தம்பி. மொஸ்கோவில் ஆறு வருடம் ரயில் பொறியியல் படித்து, அதிசிறப்பாகச் சித்தியடைந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கும் சிவப்பு மட்டை போட்ட டிப்ளோமாவோடும், காதை மூடும் ரோமத் தொப்பியோடும், கயிற்றால் கட்டிய பெட்டியோடும் எங்கள் முன்னறையில் வந்து நின்றார். ஊருக்குப் போகப் பயம். மொஸ்கோவில் படித்தவன் என்றாலே நாட்டில் சந்தேகத்தோடு பார்த்த காலம். லண்டனுக்கு வெளியே ஒரு ரயில் பட்டறையின் வரைபட அறையில் அவருக்கு வேலை தரச் சம்மதித்துக் கடிதமும் கொடுத்திருந்தார்கள். பங்குனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு அவருடைய விசா முடிகிறது. அதற்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பத்தோடு ஒரேயொரு கடிதம் இணைக்க வேண்டும்: இவர் என் வீட்டில் தங்குவார், அரசாங்கத்துக்குப் பாரமாக இருக்க மாட்டார், இப்படிக்கு வீட்டுக்காரர். வீட்டுக்காரர் என்றால் அப்பா.

கடிதத்தை மாமாவே எழுதி, அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்கும் நேரத்தை அம்மா குறித்து வைத்திருந்தார். குசினியில் மாமாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"இந்த ஞாயிறு எங்கடை வீட்டிலை சபை. இவர்தான் பேசுறார். பேசி முடிஞ்ச பிறகு ஆள் நல்ல சந்தோசத்திலை நிப்பார். அந்த நேரம் நான் கடிதத்தை நீட்டுறன். நீ வாயைத் திறக்காதை."

"நான் என்னத்துக்குத் திறக்கப் போறன், அக்கா?" என்றார் மாமா.

மாமா சனிக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு லண்டன் முழுக்க நடப்பார். நடக்கும்போது ரஷ்யச் சொற்களைப் பிரித்துக் காட்டுவார். ரஷ்யர்கள் புதிதாக ஒரு வண்டியைக் கண்டால் இரண்டு சொற்களைப் பூட்டி அதற்குப் பெயர் வைத்துவிடுவார்களாம். ரயில் எஞ்சின் 'பரவோஸ்': முன்பாதி நீராவி, பின்பாதி சுமப்பது. ஆகாய விமானம் 'சமல்யோத்': தானாகப் பறப்பது. பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு போகும் கப்பலுக்குப் பனியுடைப்பான். எனக்கு அது விளையாட்டுச் சாமான் போல இருந்தது. கழற்றிப் பூட்டலாம்.

"ஸ்டேசனுக்கு என்ன மாமா?"

"வக்ஸால். ஆனால் அது கொஞ்சம் கள்ளச் சொல்லு, பிள்ளை. பார்த்தால் இரண்டைப் பூட்டினமாதிரித்தான் நிக்கும். கழட்டினால்தான் தெரியும், முன்பாதி அவையின்ரை இல்லை. வா, அது பிறந்த இடத்தைக் காட்டுறன்."

வொக்ஸ்ஹோலுக்குக் கூட்டிப்போனார். அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கரி படிந்த செங்கல் வளைவுகளின் மேல் ரயில் ஓடியது. கீழே லொறிகள். காற்றில் எங்கிருந்தோ வினாகிரி வாசம். பாதி இடித்த வீடுகளுக்கு நடுவில் ஒரு துண்டுப் புல்வெளி. அந்தப் புல்வெளியில் ரோமத் தொப்பியோடு நின்றுதான் மாமா எனக்கு அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார்.

ரயில் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலத்தில் அங்கே ஒரு பெரிய உல்லாசத் தோட்டம் இருந்தது. மரத்துக்கு மரம் விளக்குக் கட்டி, பாட்டும் வாத்தியமும் வைத்து, சனம் படகில் ஆறு கடந்து வந்து காசு கொடுத்து உள்ளே போனது. அந்தத் தோட்டத்தின் புகழ் ஐரோப்பா முழுக்கப் பரவி, பாட்டுக் கச்சேரித் தோட்டம் எது என்றாலும் அதற்கு வொக்ஸ்ஹோல் என்று பெயர் வைக்கும் பழக்கம் ரஷ்யா வரை போனது. பிறகு ரஷ்யாவில் முதன்முதலாக ரயில் பாதை போட்டார்கள். அதில் ஏறச் சனத்துக்குப் பயம். ஆகவே பாதையின் கடைசி முனையில் ஒரு கச்சேரி மண்டபத்தைக் கட்டி, வழக்கம்போல அதே பெயரை வைத்தார்கள். பாட்டுக் கேட்கும் ஆசையில் சனம் ரயில் ஏறியது. காலப்போக்கில் பாட்டு மண்டபத்தின் பெயர் ரயில் நிற்கும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து நாட்டிலுள்ள பெரிய ஸ்டேசன்களுக்கெல்லாம் போனது. ரஷ்யனுக்கு 'ஸால்' என்றால் மண்டபம். வெளியிலிருந்து வந்த சொல்லின் வாலைத் தன் மண்டபத்துக்கு ஏற்ற மாதிரி திருத்தி எழுதிக்கொண்டான். சக்கரவர்த்தி வந்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. ஒரு தோட்டமும் கொஞ்சப் பாட்டும்தான்.

"மண்டபத்திலை பாட்டுக் கேக்கப் போன சனம்தான் ஸ்டேசனுக்குப் பேர் வைச்சது" என்றார் மாமா. "எஞ்சினியர்மார் இல்லை."

திரும்பும் வழியில் லூயிஷாம் நூலகத்தில் அந்தக் கதை உள்ள ஒரு தடித்த புத்தகத்தைத் தேடி எடுத்துத் தந்தார். அப்பாவின் நூலக அட்டையில்தான் எடுத்தோம்.

ஞாயிறு வந்தது. அப்பா சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு கணப்புக்கு முன்னால் நின்று பேசினார். தலைப்பு, உலகை ஆண்ட ஆங்கிலச் சொற்கள். நன்றாகவே பேசினார், அதை நான் மறுக்கவில்லை. ஒரு மாதமாக அலுவலக மதிய இடைவேளையில் குறிப்பெடுத்த பேச்சு. முடிவுக்கு ஒரு முத்தாய்ப்பு வைத்திருந்தார். அதுதான் சக்கரவர்த்தி. சக்கரவர்த்தியின் குரலில் ஒரு தடவையும் ஸ்டேசன்காரனின் குரலில் ஒரு தடவையும் பேசி நடித்தார். முன்னறை முழுக்கச் சிரித்தது. வீட்டிலேயே ரஷ்யா பார்த்த மனிதர் ஒருவர் இருக்கும்போது அவரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனைவியின் தம்பியிடம் கேட்பதற்கு அவருடைய யாப்பில் விதி இருக்கவில்லை.

மாமா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த நேரம். அப்பா அவரைக் கை காட்டினார்.

"இதுக்குச் சாட்சி வேணுமெண்டால் இந்தா நிக்கிறார். ஆறு வருசம் அந்த வக்ஸால்களிலை ஏறி இறங்கினவர். என்ன தம்பி, சரிதானே?"

மாமா தட்டைப் பார்த்தபடி சொன்னார். "ஓம் அத்தான். அப்பிடியும் சொல்லுறவை."

அங்கே ஒரு டொக்டர் இருந்தார். சபைக்கு வரும் ஐந்து பேரில் அதிகம் படித்தவர், அப்பாவிடம் தலைவர் பதவியை ஒரே ஒரு வாக்கால் இழந்தவர். கதிரையில் முன்னால் சாய்ந்தார்.

"அப்பிடியும் சொல்லுறவையோ? வேறை எப்பிடிச் சொல்லுறவை, தம்பி?"

"அது பெரிசா ஒண்டுமில்லை, டொக்டர். உங்களுக்குச் சீனி போட்டதோ, போடாததோ?"

"சீனியை விடும். தலைவரே, உங்கடை சாட்சி நழுவுது."

சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார். "தெரிஞ்சால் சொல்லட்டும். ஏழாம் விதி இருக்கு. சான்றோடை சொல்லட்டும்."

"ஆறு வருசம் படிச்சவருக்குத் தெரியேல்லைப் போலை" என்றார் டொக்டர். "மொஸ்கோவிலை ரயிலுக்குக் கரி போடத்தான் படிப்பிச்சவையோ?"

மாமா கோப்பைகளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. மாமாவுக்குத் தெரியாது என்கிறார்கள். மாமாவுக்குத் தெரியும் என்பதற்கு அச்சில் உள்ள சான்று என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. ஏழாம் விதி எனக்குப் பாடம். மேலே ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கணப்புக்கு முன்னால் வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசு வாங்கித் தந்த ஆங்கிலத்தில், தோட்டத்திலிருந்து கச்சேரி மண்டபம் வரை ஒன்றரைப் பக்கத்தை வாசித்தேன். சக்கரவர்த்தியின் கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்ற கடைசி வரியைச் சற்று நிறுத்தி வாசித்தேன்.

டொக்டர் கைதட்டினார். "தலைவரே, உங்கடை பிள்ளையே ஏழாம் விதியைக் கொண்டந்து மேசையிலை வைச்சிட்டுது."

"நல்லது, நல்லது" என்றார் அப்பா. குறிப்பேட்டைத் திறந்து, கூற்று வாபஸ் என்று தன் கையாலேயே எழுதினார். அழகான கையெழுத்து அவருக்கு.

"கவலைப்படாதையுங்கோ" என்றார் டொக்டர். "மச்சானிட்டைத் தோத்தால் அது தோல்வி இல்லை. சீதனத்தோடை வந்தது."

அன்று விழுந்த சிரிப்பைப் போல அந்த வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் விழுந்ததில்லை. மாமா மட்டும் சிரிக்கவில்லை. வெறும் தட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கடிதத்தை அம்மா அன்று நீட்டவில்லை. மறுநாள் நீட்டினார். "வை, பாப்பம்" என்றார் அப்பா. அந்தக் கிழமை முழுக்கத் தொலைபேசி அடித்தபோதெல்லாம் மறுமுனையில் ஒரு குரல், "சக்கரவர்த்தி வீட்டிலை நிக்கிறாரோ?" என்று கேட்டது. நான்தான் தொலைபேசியை எடுப்பேன். "அப்பா, உங்களைச் சக்கரவர்த்தி எண்டு கேக்கினம்" என்று கூப்பிடுவேன். எனக்கும் அது நல்ல பகிடியாகவே இருந்தது.

இனி வருவதை நான் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இது தெரியும். ஒரு கவுன்சிலில் முப்பத்து மூன்று வருடம் விண்ணப்பங்களையும் மேன்முறையீடுகளையும் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு விண்ணப்பத்தை மறுத்தால் மேன்முறையீடு வரும். தாமதப்படுத்தினால் வராது. மறுப்பவனுக்குக் காரணம் தேவை, தாமதப்படுத்துபவனுக்கு ஒழுங்கு போதும். இந்த வித்தையை நான் வேலைக்குப் போய்ப் படிக்கவில்லை. எங்கள் முன்னறையில் படித்தேன். படித்ததை இரண்டொரு தடவை, எனக்குப் பிடிக்காதவர்களின் கோப்புகளில் செய்தும் இருக்கிறேன்.

அப்பா முதலில், கடிதம் கையெழுத்தில் இருக்கக்கூடாது, தட்டச்சில் இருக்க வேண்டும் என்றார். மாமா எங்கேயோ போய்த் தட்டச்சு அடித்து வந்தார். பாஸ்போட்டில் பெயர் ஒரு மாதிரியும் டிப்ளோமாவில் ஒரு மாதிரியும் இருக்கிறது, அதற்கு ஒரு சத்தியக்கடதாசி வேண்டும் என்றார். மாமா சட்டத்தரணி ஒருவரைத் தேடிப் பிடித்து அதையும் கொண்டுவந்தார். அரசாங்க ஊழியன் இப்படிக் கடிதம் கொடுப்பதற்கு மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். மேலதிகாரி லீவில் நின்றார். வந்தார். கேட்க மறந்துபோனது. பிற்காலத்தில் அந்த நாளைய விதிகளை நான் தேடி எடுத்து வாசித்தேன். ஒரு தாள், ஒரு கையெழுத்து. தட்டச்சும் வேண்டாம், சத்தியக்கடதாசியும் வேண்டாம், மேலதிகாரி உயிரோடு இருக்கவும் வேண்டாம்.

ஒருநாள் குசினியில் அம்மா வாய் திறந்தார். "ஒரு கையெழுத்து. அதுக்கு ஏன் இந்தப் பாடு?"

"நான் மாட்டன் எண்டு சொன்னனானே?" அப்பாவின் குரல் உயரவில்லை. "முறைப்படி செய்வம் எண்டுதான் சொன்னனான்."

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. மாமா மேலும் உண்டு. அப்பாவின் கையெழுத்து வீட்டில் நூறு இடத்தில் கிடந்தது; பார்த்துப் போட்டிருக்கலாம். வீட்டுக்காரரின் கையெழுத்தை யாரும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள் என்பதை, பிற்காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்காமலே ஆயிரம் கடிதங்களைக் கோப்பில் போட்ட நான் சொல்கிறேன். அவர் அப்படிச் செய்யவில்லை. அதற்குப் பதிலாக அப்பாவின் கதிரைக்கு முன்னால் போய் நின்றார்.

"அத்தான், நீங்கள் சொன்ன கதையும் புத்தகங்களிலை இருக்கு. நான் கண்டிருக்கிறன்."

அப்பா பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எந்தப் புத்தகத்திலை? கொண்டு வாரும், பாப்பம்."

கடைசி வெள்ளிக்கிழமைக்கு எட்டு நாள் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் மாமா வாசலில் நின்று என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போவார். இரண்டு பின்னேரங்கள், ஒரு சனிக்கிழமை. பயணக் கட்டுரைகள், ரயில் வரலாறுகள், பழைய நகைச்சுவைத் தொகுப்புகள். மேல் தட்டுகளை அவர் பார்க்க, கீழ்த் தட்டுகளை என்னிடம் விட்டார். சிவப்பு மட்டை டிப்ளோமா வாங்கிய மனிதர், ஏணியில் நின்று, தான் பொய் என்று அறிந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அது பிழைதானே, மாமா. பிறகேன் தேடுறியள்?"

"பிழையும் எங்கையாவது அச்சிலை இருக்கும், பிள்ளை. நல்லாய்ப் பார்."

"கண்டுபிடிச்சால் என்ன செய்வியள்?"

"அத்தானுக்குக் குடுப்பன். அவர் சபையிலை வாசிக்கட்டும்."

"அப்ப நாங்கள் வாசிச்சது?"

மாமா ஏணியில் நின்றபடி கீழே பார்த்தார். "இரண்டும் இருக்கட்டுமன். என்ன குறைஞ்சு போச்சு?"

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் எல்லாருக்கும் முன்னால் நின்று வாசித்து, கைதட்டு வாங்கி, குறிப்பேட்டில் பதிந்த உண்மை அது. அதைப் போய் ஒரு பொய்யோடு பக்கத்தில் உட்காரவைக்கப் பார்க்கிறார்.

சனிக்கிழமை நூலகம் மூடுவதற்குச் சற்று முன் நான் அதைக் கண்டேன். கீழ்த் தட்டில், பச்சை மட்டை, ஒரு பழைய பயணப் புத்தகம். பொருளடக்கத்தில் ரஷ்யா இருந்தது. புரட்டினேன். சக்கரவர்த்தி இருந்தார், ஸ்டேசன்காரன் இருந்தான், 'இது என்ன?' இருந்தது. அப்பா நடித்துக் காட்டிய மாதிரியே, ஒரு சொல் கூடக் குறையாமல். மாமா ஏணியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். புத்தகத்தை மூடினேன். தட்டில் நின்ற மற்றப் புத்தகங்களை முன்னுக்கு இழுத்து, அதை அவற்றுக்குப் பின்னால், சுவரோடு படுக்கவைத்தேன்.

"உங்கை ஏதும் இருக்கோ, பிள்ளை?"

"இல்லை மாமா."

அந்தப் புத்தகத்தை நீட்டியிருந்தால் அப்பா கையெழுத்துப் போட்டிருப்பாரா? போட்டிருப்பார். அவருக்குத் தேவைப்பட்டது உண்மை அல்ல, திரும்பி வருவதற்கு ஒரு வாசல். அடுத்த சபையில் எழுந்து நின்று, டொக்டரின் முகத்துக்கு நேரே அரைப் பக்கம் வாசித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பேனையைத் திறந்திருப்பார். வாபஸ் என்று எழுதிய மனிதருக்கு அதை வெட்டி எழுத ஓர் அச்சுத் தாள் போதும். இதைச் சொல்வதால் அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அரைப் பக்கப் பொய்க்காக ஒரு மனிதரின் தொழிலைப் பணயம் வைத்தவர் அவர். அவருடைய மரணச் சடங்கில் 'தலைவர்' என்று ஐந்து பேர் பேசினார்கள். நான் பேசவில்லை.

மாமா ஊருக்குப் போனார். அங்கே அவருடைய டிப்ளோமாவை ஏற்பதா இல்லையா என்று ஆராயத் தொடங்கினார்கள், ஆராய்ந்துகொண்டே இருந்தார்கள். வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றார். ஒரு ரயில் எஞ்சினையும் அவர் தொட்டதில்லை. இடையில் வந்த யுத்தத்தில், வடக்குப் பாதையின் தண்டவாளங்களையும் சிலிப்பர் கட்டைகளையும் பதுங்குகுழி மூடக் கழற்றிக்கொண்டு போனதை இருந்து பார்த்தார். பாதை திரும்பப் போடும் வரை அவர் இருக்கவில்லை.

அவர் புறப்பட்டது அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை காலை. மாணவனாகப் போனபோது கொடுத்த திரும்பும் டிக்கெட் மொஸ்கோவிலிருந்து கொழும்புக்கு என்பதால், லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேசனில், துறைமுகத்துக்குப் போகும் கப்பல் ரயில் ஏறி மொஸ்கோவுக்குப் போய் அங்கிருந்துதான் பறக்க வேண்டும். அப்பா அரை நாள் லீவு எடுத்து வந்தார். எங்கள் மூவருக்கும் பிளாட்போம் டிக்கெட் வாங்கி, பரிசோதகர் கேட்டால் காட்டுவதற்கு வசதியாக விரலிடுக்கில் வைத்துக்கொண்டார். கயிற்றால் கட்டிய பெட்டியைத் தானே தூக்கினார்.

"விடுங்கோ அத்தான், நான் கொண்டாறன்."

"சும்மா இரும். பாரம் இல்லை."

அவ்வளவு மரியாதை. பார்த்தவர்கள் நல்ல குடும்பம் என்று நினைத்திருப்பார்கள். அம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தை யன்னலால் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா யன்னலில் முழங்கையை ஊன்றி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஒரு கிழமையாக ஒரு சந்தேகம். அவர் சக்கரவர்த்தியின் கதையை அச்சில் தேடத் தொடங்கிய நாளிலிருந்து, நான் சபையில் வாசித்ததில் ஏதாவது பிழை இருந்ததோ என்று. ரயில் போனபின் கேட்க முடியாது.

"மாமா, நான் அண்டைக்கு வாசிச்சது சரிதானே?"

மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எதையும் சத்தமாகச் சொல்பவர் அல்ல அவர். அன்று, விசில் ஊதுகிற சத்தத்துக்கும் மேலாகச் சொன்னார்.

"ஓம் பிள்ளை. ஒரு எழுத்தும் பிழையில்லை."

ரயில் நகர்ந்தது. அப்பாவுக்கு அது கேட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். கேட்டிருந்தது. கழுத்துப் பட்டிக்கு மேலே அவருடைய முகம் இறுகிப்போயிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெளியே வரும் வரை துள்ளித் துள்ளித்தான் நடந்தேன். அம்மா என் கையை ஏன் வலிக்க வலிக்க நசுக்கிக்கொண்டு வருகிறார் என்பது மட்டும் விளங்கவில்லை.